கயிறும் இரண்டு தேங்காயும்

தை மாதம் பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். மூடுபனி. மைதானத்தில் ஆறு விளக்குக் கம்பங்கள் உண்டு, நான்குதான் எரிந்தன. குளிர் காது வழியாகத்தான் உள்ளே இறங்கும் என்பது என் நம்பிக்கை. ஆகையால் மப்ளரை இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டு, சிமெண்டுப் படியில் பழைய தினத்தாளை விரித்து உட்கார்ந்திருந்தேன்.

வருடத்தை மட்டும் சொல்லமாட்டேன். சொன்னால் எங்கள் தெருவில் சிலர் விரல்விட்டு எண்ணி, என் மருமகளுக்கு அடுத்த பதவி உயர்வு எப்போது என்று என்னிடமே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

மைதானத்தின் நடுவில் இரண்டு கம்புகள் நட்டு, குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. வெள்ளை நைலான் கயிறு. தரையிலிருந்து இரண்டரை அடி. அதற்கு எதிரே ஏழு பெண்கள் வரிசையாக நின்றார்கள். போலீஸ் வேலைக்குத் தேர்வாகி, பயிற்சிப் பள்ளியில் சேரும் நாளுக்காகக் காத்திருப்பவர்கள். ஐந்தாவதாக நின்றவள் என் மருமகள் சரண்யா.

முதல் நால்வரும் ஓடிவந்து தாண்டினார்கள். ஒருத்தி கயிற்றைத் தட்டிவிட்டு விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்தாள். அடுத்தது சரண்யா. ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல வேகம். கயிற்றுக்கு ஒரு கஜ தூரம் இருக்கும்போது கால்கள் நின்றுவிட்டன. முதுகு வளைந்தது. இடது கை பின்னால் போய்ப் பின்னலைப் பிடித்து முன்பக்கம் போட்டுக்கொண்டது. தலையைத் தாழ்த்தி, கயிற்றின் அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தாள்.

மைதானமே சிரித்தது.

“இன்னாடி இது?” என்றாள் கலைவாணி. “தாண்டச் சொன்னா பொந்துல பூந்துக்கினு போற?”

கலைவாணி ஏனாத்தூரில் பயிர் வைக்கும் குடும்பத்துப் பெண். இரண்டு வருடம் முன்பு இதே பயிற்சியை முடித்துக் காவலராகச் சேர்ந்தவள். வேலைக்குப் போகும் முன் விடியற்காலையில் வந்து, காசு வாங்காமல் இந்தப் பெண்களைப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

“தெரியலக்கா,” என்றாள் சரண்யா. “தாண்டணும்னுதான் ஓடியாந்தேன்.”

“மறுபடி வா.”

மறுபடி வந்தாள். மறுபடி குனிந்தாள். மறுபடி அந்த இடது கை பின்னலுக்குப் போயிற்று.

எல்லாரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. அந்தக் கை எதற்காகப் பின்னலைப் பிடிக்கிறது என்று எனக்குத் தெரியும். அது தெரிந்ததும், மப்ளரையும் மீறிக் குளிர் உள்ளே இறங்கிவிட்டது.

டார்ச்சும் சைக்கிளும்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் முழங்கால்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வாசகர்கள் மூன்று பேர் மூன்று தைலங்களின் பெயரை எழுதி அனுப்பியிருந்தார்கள். ஒன்றையும் வாங்கவில்லை. இந்த வாரம் என்னுடையதைவிட நல்ல முழங்கால்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன். நெய்து வரும் சேலையை மேசையில் விரித்து, பூதக்கண்ணாடியை வைத்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிப் பார்ப்பது என் வேலை. குறைந்தால் சேலை திரும்பிப் போகும். ஓய்வு பெற்றபோது கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எண்ணுகிற பழக்கத்தை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. என் மகன் குமரேசனும் சரண்யாவும் அப்போது ஒரே தறியில் நெய்தார்கள். அவளும் இரண்டு தெரு தள்ளி, நெசவாளர் வீட்டில் பிறந்தவள்தான். பட்டப்படிப்பு முடித்துவிட்டுக் கல்யாணமாகி வந்தாள். பேத்தி யாழினி பிறந்த பிறகு, போலீஸ் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்திருக்கிறாள். செல்போனில் பாடத்தைப் போட்டு, தறிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டே நெய்வாள். ஏதோ பக்திச் சொற்பொழிவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் வந்து, “மாமா, பாஸ் ஆயிட்டேன்,” என்றாள். எழுத்து, ஓட்டம், நீளத் தாண்டல், பந்து எறிதல் எல்லாம் முடிந்து, தேர்வுப் பட்டியலில் பெயரும் வந்திருந்தது.

“எத்தனை பேர் எழுதினாங்க?” என்றுதான் என் வாயில் முதலில் வந்தது. மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

அன்று இரவே எனக்குக் கவலை ஆரம்பித்தது. விடியற்காலையில் ஓடப் போகிறாள். தெருவில் நாய்கள் பதினான்கு. மைதானத்துப் பக்கம் புதர் இருக்கிறது, பாம்பு இருக்கலாம். பனி நெஞ்சில் சேரும். முட்டி தேயும். வேலை கிடைத்த பிறகு திருவிழாக் கூட்டத்தில் நாளெல்லாம் நிற்கவேண்டும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி ராஜம் கேட்டுக்கேட்டு அலுத்துப்போனாள்.

“பயந்துக்கினே குந்தியிருந்தா நாய் போயிடுமா? டார்ச்ச எடுத்துக்கினு நீங்களும் கூடப் போங்க. உங்களுக்கும் ஒரு வேலை ஆச்சு, எனக்கும் காலைல காது ஓய்வு.”

அப்படித்தான் நான் போக ஆரம்பித்தேன். வீட்டிலிருந்து மைதானம் வரை அவள் ஓடுவாள். டார்ச்சை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு நான் சைக்கிளில் பின்னால் வருவேன். முதல் வாரம் அவள் வேகத்துக்குச் சைக்கிளை ஓட்ட முடியவில்லை. அவ்வளவு மெதுவாக மிதித்தால் வண்டி சாய்ந்துவிடும். காலைத் தரையில் ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தேன். மூன்றாம் வாரம் சாதாரணமாக மிதித்தேன். தை பிறந்த பிறகு, “கொஞ்சம் நில்லும்மா” என்று பின்னாலிருந்து கத்தவேண்டி வந்தது.

தறி கொடுத்தது

நெசவு செய்கிறவர்களின் உடம்பைப் பற்றி வெளியாட்களுக்குத் தெரியாது. தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, நாளெல்லாம் மிதிகட்டையை மிதிக்கிறோம். தொடைகள் மரம் மாதிரி இருக்கும். விரல்களிலும் முன்கையிலும் வலு இருக்கும். நெஞ்சுதான் குறுகிப்போய்விடும், மூச்சு நீளாது.

சரண்யாவுக்கும் அப்படித்தான். கயிறு ஏறச் சொன்ன அன்று கலைவாணி, “மெதுவா பழகிக்கலாம், மொத நாளு பாதி ஏறினா போதும்,” என்றாள். சரண்யா உச்சி வரை போய் அங்கிருந்து, “அக்கா, எறங்கட்டுமா?” என்று கேட்டாள். பல்லி ஏறுவது போல ஏறினாள். கீழே நின்ற பெண்கள் அவளுடைய உள்ளங்கைகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

ஓட்டம்தான் அவளைக் கொன்றது. முதல் நாள் மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றியதும் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். போதும், வீட்டுக்குப் போகலாம் என்று நான் சைக்கிள் ஸ்டாண்டை எடுத்துவிட்டேன். அவள் குழாயில் வாயைக் கொப்பளித்தாள். முந்தானை இருந்த பழக்கத்தில் கை இடுப்புக்குப் போயிற்று. அங்கே முந்தானை இல்லை. டீ-ஷர்ட் தோளில் வாயைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது சுற்றுக்குப் போனாள்.

இதில் எனக்கு வியப்பு எதுவென்றால், அவள் அதை ஒரு பெரிய காரியமாகவே நினைக்கவில்லை. திரும்பி வரும்போது, “நைட்டு ரசம் அதிகமா குடிச்சிட்டேன் மாமா,” என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுவாள். யாழினி மேலே இருந்தபடி எண்ணுவாள்: “ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, பத்து.” நான் சரியான எண்ணைச் சொல்லுவேன். குழந்தை கோபித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். சரண்யாவும் அதற்கேற்ப முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பிறகு குளித்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்குத் தறியில் உட்காருவாள். காலையில் ஓடினாள் என்பதற்காக ஒரு நாள்கூட நெசவு குறையவில்லை. நான் பார்த்திருக்கிறேன். எண்ணியும் இருக்கிறேன்.

இப்படி எல்லாமே கூடிவரும்போதுதான் அந்த இரண்டரை அடிக் கயிறு குறுக்கே வந்தது.

தேர்வில் கயிறு கிடையாது. மணல் பள்ளத்தில் நீளத் தாண்டல்தான்; அதில் நன்றாகவே தாண்டியிருந்தாள். பயிற்சிப் பள்ளியில் கதை வேறு என்றாள் கலைவாணி. அங்கே சுவர், பள்ளம், கம்பி, கயிறு என்று வரிசையாக வைத்திருப்பார்கள். ஓடிக்கொண்டே எல்லாவற்றையும் கடக்கவேண்டும்.

“கயிறுக்கு மட்டும் லீவு கேப்பியா?” என்றாள். “அதுல தேறலன்னா உன் பேட்ச் வூட்டுக்குப் போவும். நீ அடுத்த பேட்ச்சோட நின்னுக்கினு இருப்ப.”

குழந்தையைப் பிரிந்திருக்கும் மாதங்களைச் சரண்யா ஏற்கெனவே மனத்தில் எண்ணி வைத்திருந்தாள். வீட்டில் அந்தக் கணக்கை நான் போடவில்லை, அவள் போட்டாள். அதற்குமேல் ஒரு மாதம் என்றாலும் தன்னால் ஆகாது என்று குமரேசனிடம் அவள் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

பாவு கிடக்கும் தெரு

அந்தப் பின்னலுக்கு வருகிறேன்.

சேலைக்கு நீளவாட்டில் ஓடும் நூலைப் பாவு என்போம். தறியில் ஏற்றும் முன், விடியற்காலையில், வெயிலும் வண்டியும் வருவதற்குள் அதைத் தெருவில் நீட்டிக் கட்டுவார்கள். மூங்கில் கவைகள்மேல், தரைக்கு இரண்டரை அடி உயரத்தில் கிடக்கும். அறுபது அடி நீளம், நாலாயிரத்துக்கு மேல் இழை. கஞ்சி தடவி, சிக்கெடுத்து, அறுந்ததை முடிந்து, காய்ந்ததும் சுருட்டிக்கொண்டு போவார்கள்.

அந்த நேரத்தில் தெருவைக் கடக்கவேண்டுமானால் இரண்டே வழி. பாவின் கோடிக்குப் போய்ச் சுற்றி வரலாம். அவசரம் என்றால் குனிந்து அடியில் நுழையலாம். நுழையும்போது தலைமுடி இழையில் படக் கூடாது. பெண்கள் பின்னலை இடது கையால் பிடித்துக்கொள்வார்கள். தாண்டுவது என்ற மூன்றாவது வழி கிடையவே கிடையாது. எந்தப் பாவு அம்மனுக்குச் சாத்தும் சேலையாகும், எது மணப்பெண் உடுத்துவதாகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எந்தப் பாவின் மேலும் கால் போகக் கூடாது. நடக்கத் தெரிந்த குழந்தைக்கு அடுப்பு சுடும் என்று சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுவோம்.

ஒரு தேர்தல் சமயம். வெகு காலம் முன்பு. ஒரு வேட்பாளர் விடிவதற்குள் ஓட்டுக் கேட்க வந்தார். கூட இருபது பேர், மாலை, துண்டு, எல்லாம். நடுத்தெருவில் பாவு கிடந்தது. எதிர்ச் சாரி வீடுகளுக்குப் போகவேண்டும். எங்கள் ஆட்கள் வேலையை நிறுத்தவில்லை. கடைசியில் அவரும் இருபது பேரும் ஒவ்வொருவராகக் குனிந்து நுழைந்தார்கள். ஜெயித்தும் விட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கேயும் குனிந்ததாகத் தகவல் இல்லை.

தாண்டினால் என்ன ஆகும்? தாண்டியவர் வீட்டார் அடுத்த வேளை சாப்பிடுவதற்குள் தெருக்கோடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றவேண்டும். எனக்கு நினைவு தெரிந்து ஒரே தடவைதான் அப்படி உடைத்தார்கள். தாண்டியது ஒரு பூனை. அது யார் வீட்டுப் பூனை என்று தீர்மானிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது; இரண்டு வீட்டார் பட்டினி.

சரண்யா இருபத்தேழு வருடம் இந்தத் தெருக்களில் குனிந்து வளர்ந்தவள். இரண்டரை அடி உயரத்தில் ஏதாவது இழுத்துக் கட்டியிருந்தால் அவள் உடம்புக்கு ஒரே பதில்தான் தெரியும்.

வைத்தியங்கள்

இதை நான் கலைவாணியிடம் சொன்னபோது அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு சரண்யாவைப் பார்த்தாள்.

“நாங்க வாய்க்கால தாண்டித் தாண்டி வளந்தோம். நீங்க நூலுக்குக் கும்புடு போட்டு வளந்தீங்க. சரி வுடு. கயிற எடுத்துட்டு மூங்கில் கட்டலாம்.”

மூங்கில் கட்டினார்கள். சரண்யா மான் மாதிரித் தாண்டினாள். பெஞ்சைத் தாண்டினாள். டயர்களை அடுக்கினார்கள், அதையும் தாண்டினாள். மறுபடி கயிறு, மறுபடி குனிந்தாள்.

“காலு எழும்புதுக்கா,” என்றாள், அழுகையை அடக்கிக்கொண்டு. “தலைதான் மொதல்ல கீழ போயிடுது.”

கயிற்றில் சிவப்புத் துணி கட்டினார்கள். உயரத்தை ஒரு அடியாகக் குறைத்தார்கள். ஒரு அடிக் கயிற்றின் அடியில் நுழைய முடியாது, அதனால் அங்கேயே நின்றுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஓடச் சொன்னாள் கலைவாணி. அதை நான் அனுமதிக்கவில்லை.

வீட்டிலும் பழகட்டும் என்று, கொல்லையில் முருங்கை மரத்துக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவே நானே ஒரு கயிறு கட்டினேன். அளந்து இரண்டரை அடி. கட்டி முடித்துவிட்டு, சோப்பு எடுக்க அந்தப் பக்கம் போனேன். திரும்பிப் பார்த்தால் கொல்லை வாசலில் ராஜமும் குமரேசனும் சரண்யாவும் நின்று சிரிக்கிறார்கள்.

“இன்னா சிரிப்பு?”

“நீங்க இப்ப எப்படிப் போனீங்க?” என்றாள் ராஜம்.

நான் குனிந்து போயிருக்கிறேன். எழுபத்து மூன்று வயதில், அந்த முழங்கால்களோடு. வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு வேறு நின்றிருக்கிறேன். சரண்யா பல நாட்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு, அதே கயிற்றின் அடியில் அவளும் நுழைந்து வந்து எனக்குச் சோப்பை எடுத்துக் கொடுத்தாள்.

அவள் புறப்படும் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. ஓட்டத்தில் ஏழு பேரில் இரண்டாவதாக வந்தாள். கயிறு ஏறுவதில் முதல். தண்டால் எடுப்பதில் கலைவாணியையே மிஞ்சினாள். கயிற்றைத் தாண்டுவதில் மட்டும் கடைசி. மற்ற ஆறு பேரும் தாண்டினார்கள், இவள் தாண்டவில்லை. ஆனாலும் ஒரு நாள்கூட “இன்னைக்குக் கயிறு வேணாம்” என்று சொன்னதில்லை. ஒவ்வொரு காலையும் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று தெரிந்தே வரிசையில் நின்றாள். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் இரண்டாவது வாரமே வயிற்று வலி வந்திருக்கும்.

கன்றுக்குட்டி

மாசிக் கடைசி. புறப்பட இன்னும் ஆறு நாள்.

மைதானத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். விடிந்து வெளிச்சம் வந்துவிட்டது. எங்கள் தெருவில் தயாளனின் பாவு நீட்டிக் கிடந்தது. தயாளன் எனக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர், என் வயது. அவர் நெய்த சேலையை என் பூதக்கண்ணாடி மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறது. அதை அவர் மறக்கவில்லை. அவரும் அவர் மனைவி வசந்தாவும் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். ஒரு கை கொடுக்கக் குமரேசனும் போய், கோடியில் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தான்.

சரண்யாவும் நானும் இந்தப் பக்கச் சுவரை ஒட்டி வந்துகொண்டிருந்தோம். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பத்தடி பின்னால். எதிர்ப்பக்கம் ஒரு சந்து. அதற்குள்ளிருந்து நாய்கள் குரைக்கும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் ஒரு கன்றுக்குட்டி, வாலைத் தூக்கிக்கொண்டு, மூன்று நாய்கள் துரத்த, சந்திலிருந்து வெளியே பாய்ந்தது. நேரே பாவை நோக்கி.

“ஐயோ! புடிங்க!” என்று வசந்தா கத்தினாள். தயாளன் கஞ்சிச் சட்டியோடு மறு கோடியில் இருந்தார். குமரேசன் கையை விட்டால் பாவே தரையில் விழும்.

நான் பார்த்தது இவ்வளவுதான். சரண்யா என் முன்னால் இருந்தாள். பிறகு இல்லை. பாவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இரண்டு கையாலும் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கால்கள் கஞ்சித் தண்ணீரில் வழுக்க, அதோடு சேர்ந்து தேய்ந்து வந்து நின்றாள். கன்றின் மூக்குக்கும் இழைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

நாய்கள் ஓடிவிட்டன. யாரும் கன்றைப் பார்க்கவில்லை. அவள் காலைப் பார்த்தார்கள்.

“தாண்டிட்டா,” என்றாள் வசந்தா, மெதுவாக.

சரண்யா கன்றை விட்டாள். முகம் வெளுத்திருந்தது. பாவுக்கு மேலாக என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“மாமா, இப்ப நான் தாண்டியா வந்தேன்?”

“ஆமாம்மா. தாண்டிட்டே.”

“எந்தக் கால ஊணினேன்?”

“இடது கால்,” என்றேன். இதைப் பார்த்து வைத்திருந்ததற்காக இன்றுவரை என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

அவள் தன் இடது காலைக் குனிந்து பார்த்தாள். யாருடைய கால் இது என்பது போல. கோடி வரை போய்ச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பின்னால் நடந்தாள். சந்து முனை வரை போய்த் திரும்பினாள்.

“ஏய், இன்னாமா பண்ற?” என்றார் தயாளன்.

ஓடி வந்தாள். இடது காலை ஊன்றினாள். தலை குனியவில்லை. கை பின்னால் போகவில்லை. பின்னல் அவளுக்கு மேலே எழும்பி, அவள் தரையில் இறங்கிய பிறகுதான் முதுகில் வந்து விழுந்தது. நாலாயிரம் இழையில் ஒன்றுகூட அசையவில்லை.

மூச்சு வாங்க என் எதிரில் நின்றாள்.

“எண்ணிக்கினீங்களா மாமா?”

“ரெண்டும்மா,” என்றேன்.

பஞ்சாயத்து

தயாளன் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

“மொதல்ல தாண்டினே, சரி. கன்னுக்குட்டி வந்துது. ரெண்டாவது எதுக்குமா? இது என்னா மைதானமா?”

சரண்யா அவர் முன்னால் கை கூப்பினாள். “மன்னிச்சிக்குங்க பெரியப்பா. மொதல்ல தாண்டினது எனக்கே தெரியாது. தெரிஞ்சு ஒரு தபா தாண்டலன்னா, அங்க போய் மறுபடியும் குனிஞ்சிடுவேன். உங்க பாவுல கால் படாதுன்னு எனக்குத் தெரியும்.”

குமரேசன் கோடியிலிருந்து, கயிற்றை விடாமலே, “நான் கஞ்சி பூசித் தரேன் பெரியப்பா, கோச்சுக்காதீங்க,” என்றான். தயாளன் பாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவை நடந்து இழைகளைப் பார்த்துவிட்டு வந்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்கு அது ஏமாற்றமாக இருந்ததோ என்னவோ. அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஒசரமாத்தான் தாண்டற,” என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “சங்கத்துக்காரரே, ஒரு தேங்கா வாங்கியாங்க. ரெண்டாவதுக்கு நீங்க ஒடைங்க. மொதலாவது என் பாவுக்காகத் தாண்டினது. அதுக்கு நான் ஒடைக்கிறேன்.”

“அதெல்லாம் முடியாது,” என்றேன். “ரெண்டும் எங்க வீட்டுத் தாண்டல். ரெண்டுக்கும் நான்தான் உடைப்பேன்.”

“அட, காசு மிச்சம்னு சொல்றேன், வேணாங்கறீங்களே!”

“எண்ணினது நான்.”

“எண்ணி எண்ணித்தானே என் சேலய மூணு தபா திருப்பினீங்க,” என்றார் தயாளன். தெருவே சிரித்தது. வசந்தா கஞ்சிக் கையோடு வந்து சரண்யாவின் கன்னத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை நெறித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் மைதானத்தில் சரண்யா கயிற்றைத் தாண்டினாள். கலைவாணி விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றாள். “எப்டிடி?” என்று கேட்டாள். “கன்னுக்குட்டிக்கா,” என்றாள் இவள். கலைவாணிக்கு ஒன்றும் புரியவில்லை. நான் படியில் உட்கார்ந்தபடி முழுக் கதையையும் சொன்னேன். அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. நின்று கேட்டுவிட்டுத்தான் போனாள்.

பயிற்சிப் பள்ளியில் சேர்ந்ததும் முடியை வெட்டிவிட்டார்கள். தடை ஓட்டத் தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் போன் செய்தாள்.

“கயிறு இருந்துதா?” என்று கேட்டேன்.

“மூணு இருந்துது மாமா. மூணையும் தாண்டிட்டேன். பேட்ச்சோட வூட்டுக்கு வந்துடுவேன்.” பிறகு சிரித்தாள். “மூணாவதுல மேல இருக்கும்போது கை பின்னாடி போச்சு மாமா. பின்னல்தான் இல்லையே. தொட்டுட்டுத் திரும்பி வந்துடுச்சி.”

யாழினி போனைப் பிடுங்கிக்கொண்டாள். ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, பத்து என்று அம்மாவுக்கு எண்ணிக் காட்டினாள். நான் திருத்தவில்லை.

தயாளன் இப்போதும் தெருவில் என்னைப் பார்த்தால், நான் ஒரு தேங்காய் கூடுதலாக உடைத்துவிட்டேன் என்கிறார். அவர் சொல்லிக்கொண்டிருக்கட்டும். பூட்ஸ், முட்டை, உடுப்பு, பஸ் காசு எல்லாம் சரண்யா தன் நெசவுக் கூலியிலேயே பார்த்துக்கொண்டாள். நான் கொடுக்கப் போனபோதெல்லாம், “மாத்திரைக்கு வெச்சிக்குங்க மாமா,” என்றாள். அவள் போலீஸ் ஆனதில் எனக்குக் கிடைத்த பங்கு அந்த ஒரு நாள் காலைச் செலவுதான். தேங்காய் இரண்டு, ஒன்று முப்பத்தெட்டு வீதம் எழுபத்தாறு. கற்பூரம் பத்து. வாழைப்பழமும் வெற்றிலையும் இருபது. ஆக மொத்தம் நூற்று ஆறு ரூபாய்.